பன்னிரண்டு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

"அண்ணி, தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிருச்சு." ஜனவரியிலிருந்து கொழுந்தன் சொல்வது இதே தொண்ணூறுதான். மீதிப் பத்து எங்கே போய் ஒளிந்திருக்கிறதோ.

பதினோரு வருடம் கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "என்னை எப்பக் கூப்பிடுவீங்க?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவள் நான். இனி ஒரு செயலி சொல்லட்டும் என்றுதான் வேலையை விட்டுக் கம்பெனி தொடங்கினேன். யோசனை என்னுடையது, நிரல் எழுதுவது அவன். திரையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

பல் டாக்டர் ஒத்துக்கொண்டார். திங்கள் முதல் அவர் கிளினிக்கில் சோதனை. இதில் தேறாவிட்டால் வேறு யாரும் எங்களை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

செயலியைச் சும்மா திறந்து பார்த்தேன். "உங்கள் முறைக்கு இன்னும் 12 நிமிடம்." நேற்றும் பன்னிரண்டு. முந்தாநாளும். இன்று கிளினிக்கே பூட்டிக் கிடக்கிறது — உள்ளே யார் யாருக்குப் பல் பிடுங்குகிறார்கள்?

கொழுந்தனைக் கேட்டேன். "அது சும்மா பார்வைக்கு, அண்ணி. கணக்குப் போடுற பகுதி இனிமேதான்." பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னான். வெறும் படத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். அருவருப்பாக இருக்கிறது. அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

மார்ச் 10, திங்கள்

எண்ணைக் கையால் மாற்றிக்கொள்ள ஒரு வழி மட்டும் செய்து கொடுத்தான். டாக்டருக்குச் செயலி என்றால் 'மெஷின்'; அதைக் கண்காணிக்க வேண்டும் என்று அவரிடம் ஸ்டோர் ரூம் சாவியை வாங்கினேன். கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவிடுக்கில் யார் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எண்ணை மாற்றினேன்.

"உங்க மெஷின் பிரமாதம்மா. எல்லா பேஷன்ட் கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தாலே முகத்தைக் கழுவத் தோன்றுகிறது.

மார்ச் 13, வியாழன்

அசிங்கம்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்னொரு கிளினிக்காரரிடம் போனில் மெஷினைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எண்ணை மாற்ற மறந்தே போனேன். தாடை வீங்கிய ஓர் அம்மா, செயலி காட்டிய நாற்பது நிமிடத்தை நம்பி வெளியே காரில் சாய்ந்து கிடந்திருக்கிறார். உள்ளே வருவதற்குள் அவர் முறை போய்விட்டது. வாயைத் திறக்க முடியாமல், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போனை நீட்டினார். அப்போதும் அதில் நாற்பதுதான்.

பதினோரு வருஷத்துல ஒருத்தர் முறையக்கூட நான் விட்டதில்லையே. மெஷின் வேஷம் போட்டதும் விட்டுட்டேன்.

இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைப் பன்னிரண்டு உட்பட. கத்துவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "என்னையும் பொய் சொல்ல வச்சிட்டீங்களே" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

"வேற கிளினிக் பாப்போம், அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறான் கொழுந்தன்.

எனக்குத் தெரியும்டா.

"இனிமே நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடு. நான் தட்டுறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். தூ.

ஜூலை 6, ஞாயிறு

ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் மேசையில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் குறையும். கிளினிக் பூட்டிய நாளில் எண்ணே காட்டாது. அவ்வளவுதான் மெஷின். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிகிறது.

நேற்று டாக்டரிடம் கொண்டுபோனேன். "ஸ்டோர் ரூம்ல இப்ப யாரு?" என்றார். சாவியைக் கேட்டு வாங்கித் திறந்து காட்டினேன். கையுறைப் பெட்டிகள்தான் இருந்தன. தன் போனை நீட்டினார், செயலியை ஏற்றிக் கொடுத்தேன்.

இன்று காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய போன் திரை. அதில்: "இன்று கிளினிக் விடுமுறை."