கோரினின் சொல் அட்டைகள்

அன்புள்ள மார்லிஸ்,

நீயும் கோரினும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உன் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். அலாஸ்காவில் மழைக்கும் மீனுக்கும் குறைவில்லை.

கோரினின் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியை மீன் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் பார்த்தேன். சொல்லைக் கொடுத்ததும் கோரின் அதன் பொருள், மூலமொழி, வாக்கியம் எல்லாம் கேட்டாள்.

"உன் பொண்ணாய்யா? வக்கீலாட்டம் குறுக்கு விசாரணை பண்றா!" என்று கூட வேலை செய்யும் ரோடெல் சிரித்தான்.

பிறகு, தப்பென்றால் அடிக்கும் அந்த மணி அடித்தது. எட்டாம் வகுப்பு வரைதான் போட்டி; அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், இனி மேடையேற முடியாது.

"சூப்பு ஆறுது, குடிய்யா" என்றான் ரோடெல். குடித்தேன். போய் மீன் வெட்டினேன். அழுகை வரவில்லை.

அவள் எழுதி வைத்துப் படித்த சொல் அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, இங்கே அனுப்பு. தடித்த காலுறையும் இரண்டு ஜோடி வை. தினமும் ஏழு மணிக்கு போனில் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து எழுத்துக்கூட்டச் சொல்வேனே, அந்த நேரத்தில் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும். தோற்ற பிள்ளையை அழைத்துவர அப்பாவும் அம்மாவும் மேடைக்கு எழுந்து போவார்கள். நீ தனியாகப் போனாய். உன் பக்கத்தில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உன் கோட்டு கிடந்தது. கோரின் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

உன்,
வெர்ன்