கடைசி வீடு முதலில் காலியானது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கருநாக்கு பலிச்சிடுச்சு. வீட்டுக் கடன் பாஸ் ஆயிடுச்சுன்னு சொன்ன பேங்க், இப்போ மேலிடத்துக் கையெழுத்து வரணுங்குது. பழைய அதிகாரியை மாத்திட்டாங்களாம். புதுசா வந்தவர், நான் ஏற்கனவே குடுத்த காகிதத்தையே திரும்பக் கேக்குறார். இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டலைன்னா ஒப்பந்தம் ரத்து.

வீட்டை விக்கிற டெய்லரம்மா, நம்ம பணத்தை நம்பி ஒரு பஸ் டிரைவர் வீட்டை வாங்குறாங்க. டிரைவர் ஒரு பெரியவர் வீட்டை வாங்குறார். என் ஒருத்தனால எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நானோ வாடகை வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். இவளுக்கு எட்டு மாசம். பயமா இருக்குக்கா.

உன் தம்பி

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

ஆழம் தெரியாம காலை விட்டாச்சு. முன்பணம் போனா போகுது, அவளைக் கூட்டிக்கிட்டு இங்க வா. மாடி அறையைக் கூட்டி வச்சிருக்கேன். யார் கிட்டயும் போய்க் கெஞ்சாதே. நகைக்கடைக் கல்லாவுல உக்காந்து வயசானவ சொல்றேன், பணம் கைக்கு வராம எவனும் பொருளை விட மாட்டான். சொந்தக்காரனே விட மாட்டான்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

புது வீட்டுலேர்ந்து எழுதுறேன். பேங்க் இன்னும் பணம் விடலை.

கெடு முடிஞ்ச அன்னிக்கு டெய்லரம்மா எல்லாரையும் கூப்பிட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, வேற ஆள் பாத்துக்கங்கன்னு சொன்னேன். பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"பேங்குக்கு அவசரம் இல்லைன்னா குழந்தைக்குமா இல்லை? நான் மகள் வீட்டுக்குப் போறேன். மத்தவங்க ஆளுக்கு ஒரு வீடு நகருங்க."

மறுநாளே ஒரே லாரி. பெரியவர் சாமான் ஏறின பிறகு டிரைவர் வீடு, அப்புறம் டெய்லரம்மா வீடு, கடைசியா நாங்க. அவங்க கட்டிலை நான் தூக்க, எங்க பீரோவை டிரைவர் தூக்கினார். கையில ஒரு காசு வாங்காம அந்தப் பெரியவர் சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டார்க்கா. ராத்திரி சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், நிஜமான்னு.

பேங்க் கையை விரிச்சா என்ன செய்யறதுன்னு யாரும் கேக்கலை.

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேனோ தெரியலை. கடையில சில்லறையை ரெண்டு தடவை தப்பா குடுத்தேன். முகம் தெரியாத ஒருத்தர் என் தம்பி பிள்ளைக்காக வீட்டை விட்டு இறங்கியிருக்கார். இப்படியும் மனுஷங்க இருக்காங்களாடா? நம்பவும் முடியலை, நம்பாம இருக்கவும் முடியலை.

வெள்ளிக்கிழமை வர்றேன். பிரசவம் முடியற வரைக்கும் அங்கதான். என் வீட்டுப் பத்திரமும் பையில இருக்கு. பேங்க் கையை விரிச்சா, இதை அடமானம் வச்சுப் பெரியவருக்கு முதல்ல குடு.

அந்த வரிசையில எனக்கும் ஒரு இடம் விடச் சொல்லு.

அக்கா