ஏரிச் சிவப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன் என்று திட்டுகிறாயே, அதனால் மண்ணோடு கடிதமும் வைக்கிறேன்.

நீ படத்துக்குக் கேட்ட மண்ணை ஏரியில் மூன்று இடத்தில் எடுத்தேன். கறுப்பு, நம் படகு கிடக்கும் இடத்தில். சாம்பல், நடு ஏரியில். இப்போது அங்கே கால் நனையாமல் நடந்து போகலாம். சிவப்பு கொஞ்சம்தான் கிடைத்தது. ஆலைக்குக் காவலுக்குக் கிளம்பும்போது அப்பா பையைப் பார்த்துவிட்டு, "ஏரியில மீனு இல்லன்னதும் அக்காளும் தங்கச்சியும் மண்ண ஏத்துமதி பண்ண ஆரம்பிச்சிட்டீங்களா" என்றார். வலையைச் சுருட்டி வைத்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மா சொல்லும் ஏரிப்பெண் கதையைத்தான் வரைகிறாயாமே. அதன் முடிவு உனக்குத் தெரியாது. நீ படிக்கப் போன பிறகு, அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது எனக்குச் சொன்னாள். வந்தால் சொல்கிறேன்.

உன் பூச்சி

மார்ச் 19

என் வாயில்லாப் பூச்சிக்கு,

அந்தச் சிவப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாதுடி. தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலாலேயே பூசுகிறேன். "ஒண்ணே ஒண்ணு குடு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஏரிப்பெண் தன் செதிலைப் பிடுங்கித் தருவாளே, அது தண்ணீரில் விழுந்து மீன் கூட்டமாகுமே. செதில் போன இடத்துக்கெல்லாம் உன் சிவப்புதான். நம் ஏரி எப்படிச் சாகிறது என்று நாலு பேர் நின்று பார்க்கட்டும்.

ஜூனில் கண்காட்சி. மூச்சு விட நேரமில்லை, எங்கே வருவது? இன்னும் ஒரு பை சிவப்பு அனுப்பு. முடிவையும் எழுதிவிடு கண்ணு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து விரலால் தொடாதே, கையுறை போட்டுக்கொள். அந்தச் சிவப்பு ஆலையின் கழிவுக் குழாய் வாயில் மட்டும்தான் படிகிறது. முன்பே சொல்லியிருப்பேன், உனக்குப் பிடித்துப்போனதும் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார், அவர் வேலையும் போகும். அவர் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரமாகப் பார்த்துப் போய் எடுத்தேன்.

எனக்கு விரல்களில் தோல் உரிகிறது. பாத்திரம் தேய்த்தால் எரிகிறது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா "எதைடி தொட்ட?" என்றார். "சோப்பு" என்றேன். "எந்தக் கடையில விக்கிறான் அந்தச் சோப்பு, சொல்லு, நான் போய்ப் பேசறேன்" என்றார். பயப்படாதே, சரியாகிவிடும்.

முடிவை நேரில்தான் சொல்வேன். உன் கட்டிலில் துணி போட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன்.

உன் பூச்சி

ஏப்ரல் 21

பூச்சிக்கு,

நல்லவேளை சொன்னாய். அன்றைக்கே கையுறை வாங்கிவிட்டேன். ஆலைக் குழாயின் சிவப்பு என்றதும் கண்காட்சி நடத்துகிறவர் அசந்துபோனார். "இத படத்துக்குப் பக்கத்துலயே பெருசா எழுதி வைக்கணும்" என்கிறார். இனி சுவர் அளவுக்கு ஒன்று வரையப் போகிறேன். அதற்கு இரண்டு பையாவது வேண்டும். சீக்கிரம் அனுப்பு தங்கமே. கடைசிப் படம் முடிவு தெரியாமல் வெறும் துணியாக நிற்கிறது. அடம் பிடிக்காமல் எழுது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். விரல்களில் துணி சுற்றியிருக்கிறது.

நர்ஸம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவர் திட்டவில்லை. உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார், படித்தேன். "அவ உன் கையப் பத்தி எழுதினது எங்கேம்மா, விட்டுட்டுப் படிச்சிட்ட போல" என்றார். முதலிலிருந்து திரும்பப் படித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நீ கேட்ட முடிவு இதுதான். செதில் எல்லாம் தீர்ந்த பிறகு ஏரிப்பெண் கரையேறி, தான் கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போனாள். செதில் இல்லாமல் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா இதோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

படம் நன்றாக வரட்டும். ஏரியை நாலு பேர் பார்க்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன். கையுறையைக் கழற்றாதே.

இந்த முறை பை இல்லை, கடிதம் மட்டும்தான். கேட்பதற்கு ஒன்றும் இல்லாத ஒரு நாளில் எழுது.

உன் தங்கை