திங்கட்கிழமை மூச்சு

ஏனுங்க மாமா,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சோமனூரில் நம் மகள் வீட்டுப் பேத்தி பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்து, விவசாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நம் மகன் முருகேசனின் மூத்தவனைப் பாலிடெக்னிக் முடிக்கும் முன்பே பம்பு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் தங்கை ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். அத்தனை தூரம் ஓடியும் இரைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

இனிச் சொல்வதெல்லாம் கோபம். உங்கள் மேல் இல்லை.

சிங்காநல்லூரில் மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மில் ஆட்களின் நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சியாம். ஒரு குழாயை வாயில் வைத்து, இருக்கிற காற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஊதச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்கிறாள் அல்லவா, அவளுக்குத் துணையாகப் போனேன். ஒரு டாக்டரம்மா, நம் மகள் வயதுதான் இருக்கும், வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "வாரத்துல எந்த நாளுங்க நெஞ்சு இறுக்கம் ஜாஸ்தி?"

ஆளுக்கு ஆள் ஒரே பதில். திங்கட்கிழமை.

அது நம் வீட்டுக்கு மட்டும் வந்த சனியன் என்றல்லவா இருந்தோம்? ஞாயிறு லீவில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பீர்கள். திங்கள் சாயங்காலம் மில்லின் ப்ளோ ரூமில் பஞ்சுப் பொதிகளை உடைத்துப் பிரித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். எண்ணெய்தான் ஆகவில்லை என்று ஊரே சொன்னது. உங்கள் அம்மாவும் சொன்னார். மிளகு போட்டுக் காய்ச்சிப் பார்த்தோம். பிறகு எண்ணெயையே நிறுத்தினோம். தீபாவளிக்குக்கூட உச்சியில் ஒரு சொட்டு வைத்ததோடு சரி. என்ன ஆயிற்று? திங்களோடு செவ்வாயும் சேர்ந்தது, பிறகு எல்லா நாளும் திங்களாயிற்று.

வைத்தியம் பார்த்தவர்கள் பீடி உண்டா என்று கேட்டார்கள். நீங்கள் தொட்டதில்லை. டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அதே மாத்திரைதான். என்ன வேலை, எந்த நாள் மோசம் என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

பஞ்சுத் தூசி என்றார் டாக்டரம்மா. ஒரு நாள் ஓய்ந்துவிட்டு மறுபடி தூசிக்குள் போகிற நாளில் நெஞ்சு இறுகுமாம். அப்போதே கண்டுபிடித்துத் தூசியை விட்டு மாற்றினால் தேறலாமாம். வருடக்கணக்கில் விட்டால் போன மூச்சு போனதுதானாம். உங்கள் பேரையும் ஆராய்ச்சியில் சேர்க்கச் சொன்னேன்.

"உசுரோட இருக்கறவங்க ஊதுனாத்தானுங்கம்மா கணக்குல வரும்," என்றார், குரலைத் தணித்து.

"அவரு ஊதி முடிச்சுப்போட்டாரு கண்ணு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் போய்விட்டீர்கள். முருகேசன் இருக்கிறான், அதே ப்ளோ ரூமில். போன வருடத்திலிருந்து திங்கட்கிழமை அவனும் நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிறான். அதற்கு அவன் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டான். "அப்பனுக்கு ஆகாத எண்ணெய் எனக்கு மட்டும் ஆகுமாக்கும்?" என்கிறான். ஊதிப் பார்க்க வா என்றால் பயம்.

"நெஞ்சு சரியில்லைன்னு எழுதிப்போட்டா மில்லுல உள்ள உடுவாங்களா? அஞ்சாவது படிச்சுப்போட்டு நுரையீரலப் பத்திப் பேசறீங்க."

"முப்பது வருசம் அந்த நுரையீரலோடதான்டா குடும்பம் நடத்துனேன்," என்றேன்.

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மில்லுக்குச் சொல்லமாட்டோம் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். வருகிறேன் என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை.

திங்கள் காலை வேலைக்கு முன் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம் ஊதினால்தான் வித்தியாசம் தெரியுமாம். இந்த ஞாயிறு அவனை உட்காரவைத்து உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துவிடப் போகிறேன். மறுநாள் காலை நானே கூட்டிப்போய் ஊதவைப்பேன், எண்ணெய்மேல் குற்றமில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். சாயங்காலம் மில் கேட்டில் நிற்பேன். எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தாலும் இழுப்பேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஒன்று கேட்கட்டுமா? இங்கே மாலை போட்டிருப்பது கடைசியில் எடுத்த படம். தோள் இரண்டும் காதுவரை ஏறி, வாய் திறந்து, காற்றுக்குத் தவிக்கிற முகம். அங்கே தூசி இருக்காதுதானே? வாயை மூடி, தோளைத் தளர்த்தி, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். முருகேசனுக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் மாமன் மகளும்,
முருகேசனின் அம்மாவுமான
சரசு