உனக்குப் படைத்த பரங்கிக்காய் சூப்

என் செல்ல அப்பாவுக்கு,

மேலுலகவாசிகள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நேற்று அமாவாசையன்று, திருவண்ணாமலையில், நம் வீட்டுச் சமையலறையில், உன் மகன் தன் கையாலேயே சூப் வைத்தான். பக்கத்தில் யாராவது இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஏன் திடீரென்று சூப் என்கிறாயா? முந்தாநாள் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு தையல் போட்டார்கள். எதையும் மெல்லக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது, வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது. அம்மாவோ, நீ போன நாளிலிருந்து ஒரு அமாவாசை விட்டதில்லை. உனக்குப் படைத்து, காக்கா வந்து எடுத்தால்தான் வாயில் பச்சைத் தண்ணீர் படும்.

"இன்னிக்கு நான் சமைக்கிறேம்மா. நீ குடிக்கிறதையே அப்பாவுக்கும் படைச்சிடலாம்" என்றேன்.

"அடுப்பாவது மிஞ்சுமாடா?" வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பரங்கிக்காய், ஒரு பிடி பாசிப்பருப்பு, இஞ்சித் துண்டு. படையல் என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. குக்கரில் நாலு விசில். அவசரத்தில் சூடாகவே மிக்ஸியில் ஊற்றி ஓடவிட்டேன். மூடி எகிறியது. இப்போது சமையலறைக் கூரையில் வட்டமாக, மஞ்சளாக ஒன்று ஒட்டியிருக்கிறது. அமாவாசையில் முழு நிலாவைக் காட்டியவன் உன் மகன்தான் அப்பா!

மிச்சத்தை ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து அரைத்து, மிளகுத்தூள் தூவினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அதை வெறும் சூப் என்று சொல்லாதே, கடைசியில் ஒரு 'பர்' சேர்த்துக்கொள்.

உன் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, மொட்டை மாடிச் சுவர்மேல் இலை போட்டு ஊற்றினேன். இலையில் நிற்காமல் சுவரில் வழிந்து ஓடியது.

"காக்கா என்ன, ஸ்ட்ரா போட்டு உறியுமா?" என்றாள் அம்மா.

கொட்டாங்குச்சியில் ஊற்றி வைத்தேன். ஒரு காக்கா வந்தது. இந்தக் கண்ணால் பார்த்தது, அந்தக் கண்ணால் பார்த்தது, பறந்துவிட்டது. அது நீதானா? நீ என்றால், அந்த முகச்சுளிப்பு எதற்கு?

மணி இரண்டு ஆனது. அம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்னம் காலையைவிட ஜாஸ்தி வீங்கியிருந்தது.

"நீ குடிச்சிட்டு மாத்திரை போடும்மா."

"உங்கப்பா சாப்புடட்டும்."

வேறு வழியில்லை. கீழே ஓடிப்போய் ஒரு பிடி காராபூந்தி எடுத்துவந்து சூப்பில் தூவினேன். அதே காக்கா, நாலு சொந்தக்காரர்களோடு வந்து இறங்கியது.

"டேய், அது காராபூந்தியைத்தான்டா தின்னுது. கணக்குல சேராது."

"சூப்புல நனைஞ்சா அதுவும் சூப்புதாம்மா. அப்பா தொட்டுக்கிட்டு சாப்புடறாரு, பாரு!"

"சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று?

பிறகு இரண்டு டம்ளர் குடித்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். "எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குடா" என்றாள். இனி பெரிய ஓட்டல்காரர்கள் வந்து கூப்பிட்டாலும் நான் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

கடிதத்தை இங்கேயே முடித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் உன்னிடம் மறைக்க முடியவில்லை. படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது இல்லையா, நானும் பார்க்கவில்லை. சாயந்திரம் குக்கரைக் கழுவும்போதுதான் விரலால் வழித்து நக்கினேன். உப்பே போடவில்லை அப்பா. உனக்காவது காராபூந்தி கிடைத்தது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"பல்லு புடுங்கின வாய்டா, ருசியே தெரியல."

இன்று காலை, காபியில் சர்க்கரை கம்மி என்று சொன்னதும் அதே வாய்தான்.

அடுத்த அமாவாசைக்கு உப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் கத்தியையே தொடுவேன். உன்மேல் சத்தியம்.

உப்புச்சப்பில்லாத,
உன் ஒரே பிள்ளை