உன் பெயரை எழுதாத கடிதம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்றுக் காலை பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை சூடு பிடித்த நேரம் பார்த்து, மேசையில் விட்டுவந்த இஸ்திரிப் பெட்டி என் நல்ல ரவிக்கையைத் தின்றுவிட்டது. ஐம்பது வயதில் எனக்கு இது வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் நீ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஓமானிலிருந்து நீ வந்த மாதம். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி மாத்தளைக்கு வந்து, என் குசினியில் அடுப்போரமாக உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினாய். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்பிய ஏஜென்ட், உன்னை ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாக விற்றிருந்தான். நீ பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருந்தாய். கோர்ட்டில் சாட்சி சொல்லத் தேதியும் வந்திருந்தது. அவன் ஏமாற்றி அனுப்பிய பெண்களில் சாட்சி சொல்லப் போவது யாரென்று அவனுக்கு இன்னும் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லிறாதடி."

"என் வாயப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

பெண் சட்டத்தரணி ஒருவர் உனக்கு விளக்கியதைப் பாடம் போல ஒப்பித்தாய். விரும்பிப் போயிருந்தாலும், ஏமாற்றிக் கொண்டுபோனவன்மேல்தான் குற்றம். பாதிக்கப்பட்டவளின் பெயரும் அடையாளமும் வெளியே வரக்கூடாது. சாட்சியை மிரட்டினால் அது தனிக் குற்றம்.

நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். தையல்கார அக்காவிடம், அதுவும் உன் தைரியத்தைப் பெருமையாகத்தான். பெயரோடு சொன்னேன். நீ கையைச் சுருட்டியதை நடித்தும் காட்டினேன்.

அந்த வாரமே ஏஜென்டின் தம்பி கேக் பெட்டியோடு உன் லயத்துக்கு வந்துவிட்டான்.

"மிரட்டவெல்லாம் இல்லடி. மக எந்த ஸ்கூலுன்னு கேட்டான், அவ்வளவுதான்" என்றாய். நான் திடீர் லோயராகி, பாதுகாப்புக் கேட்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்று அடுக்கினேன்.

"சட்டம் டவுன்ல இருக்கு. நான் லயத்துல இருக்கேன்."

தேதியன்று நீ போகவில்லை. ஏஜென்டின் கடைக்கு இப்போது புதுப் பலகை, கலர் லைட் வேறு. யார் சொன்னது என்று நீ என்னிடம் கேட்கவேயில்லை. போன வருஷ மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேரும்வரை கேட்கவில்லை. சாவு வீட்டில் உன் மகள் எனக்குத்தான் முதலில் தேத்தண்ணி தந்தாள். அம்மாவுக்கு நீங்கன்னா உசுரு என்றாள். நான் அதை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இப்போதும் யார் கதையாவது நாக்கு நுனிக்கு வந்தால், நீ கேட்காத கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. பாதி நேரம் விழுங்கிவிடுகிறேன். மீதி நேரம் நான் நான்தான். இந்தக் கடிதத்தில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறேன். உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை.

எல்கடுவ மேல் லயத்திலிருந்து ஓமான் போய் வந்தவள் நீ ஒருத்திதான்.