வாய் திறவா நேர்த்தி

தாழ்வுபாடு
12.01.2025

அன்புள்ள தம்பி ரொபின்சனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நறுவிலிக்குளத்தில் நீயும் றொசானாவும் சுகமாக இருக்க அந்தோனியாரைக் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டாம் என்று சொல்வாய். கேட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.

நீ அனுப்பிய அரிசி கிடைத்தது. மீன்காரப் பெனடிக்ற் அதை மீன் பெட்டிக்கு மேலேயே வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு நாளாகச் சோறு சூடை மீன் மணக்கிறது. கடிதத்தை மட்டும் சேர்ட் பொக்கற்றில் பத்திரமாக வைத்துக்கொண்டு வரத் தெரிகிறது அந்த மனிசனுக்கு.

நத்தார்ப் பண்டிகைக்கு நீ இங்கே வந்தபோது தேத்தண்ணியைத் தந்துவிட்டு ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தேன் என்று கோபித்து எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாததா? நாலு வருசத்துக்கு முன் நீ எங்கள் கோயிலை விட்டுச் சபையில் சேர்ந்து, குளத்தில் முழுகி இரண்டாம் தரம் ஞானஸ்நானம் எடுத்த அன்றே நான் கடற்கரையில் அந்தோனியார் சுரூபம் இருக்கிற கெபியில் நேர்த்திக்கடன் வைத்துவிட்டேன். நீ திரும்பி வந்து அந்தோனியாருக்கு முன் முழந்தாளிடும்வரை உன்னோடு வாய் திறந்து கதைப்பதில்லை. எழுதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அவருக்கும் அது விளங்கும்.

கழுத்தில் ஒரு கட்டி வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. தவக்காலத்துக்குப் பசான் பாடப் பெட்டைகளைப் பழக்குகிறேன். ஆண்டவருடைய பாடுகளைப் பாடச் சொன்னால் கலியாண வீட்டுப் பாட்டு மாதிரிப் பாடுகிறார்கள்.

அன்புடன்,
அக்கா ஜூலியட்

*

நறுவிலிக்குளம்
20.01.2025

அன்பான அக்காவுக்குக் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

கழுத்தில் கட்டி என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே பசானைப் பற்றி மூன்று வரி எழுத உங்களால்தான் முடியும். என்ன கட்டி? யார் பார்த்தது? பெனடிக்றிடம் கேட்டால், "அக்கா கழுத்தைச் சுத்திச் சீலை போட்டிருக்கிறா, மிச்சம் எனக்குத் தெரியாது, இந்தாங்கோ உங்கட பாரை மீன்" என்கிறார்.

கெபியில் இருக்கிற சுரூபத்தோடு மணிக்கணக்காகக் கதைக்கிறீர்கள். அது ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. நான் பதில் சொல்வேன், என்னோடு கதைக்கமாட்டீர்கள். றொசானாவோடு கதைக்கிறீர்கள், நத்தாருக்கு வந்தபோது உங்கள் வீட்டு நாயோடுகூடக் கதைத்தீர்கள். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, கடவுளிடம் நேரே கேட்கலாம். இயேசு ஒருவர் நடுவில் நிற்பது போதும். அந்தோனியாரிடமும் மாதாவிடமும் சொல்லிவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. இதை எத்தனை தரம் எழுதிவிட்டேன், எனக்கே அலுத்துவிட்டது.

நேற்றுச் சபையில் உங்கள் பெயரைச் சொன்னேன். அறுபது பேரும் எழும்பி நின்று உங்கள் கழுத்துக்காக ஜெபித்தார்கள். தம்பு அண்ணன் அழுதேவிட்டார்.

டொக்டரிடம் போங்கோ.

தம்பி
ரொபின்சன்

*

தாழ்வுபாடு
23.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

என் கழுத்தை அறுபது பேருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறாய், நல்லது. யார் இந்தத் தம்பு? அவரை நான் கண்டதுமில்லை. நேற்றுவரை என் பெயர் தெரியாத மனிசன் எனக்காகக் கடவுளிடம் அழலாம், இயேசுவைப் பெற்றவள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அப்படித்தானே? உங்கள் பாஸ்டரிடம் கேட்டு எழுது.

பதினாறு வயதில் இனிக் கடலுக்குப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லப் பயந்து, அம்மாவைச் சொல்லச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஒளிந்து நின்றது யார்? அப்போது நேரே கேட்கலாம் என்று தெரியவில்லையா?

டொக்டரிடம் போனேன். பெப்ரவரி பதினாலாம் தேதி யாழ்ப்பாணத்தில் ஒபரேசன். கட்டி குரல் நரம்போடு ஒட்டி இருக்கிறதாம். எடுக்கும்போது குரல் போனாலும் போகலாம் என்று சொல்லி ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள்.

நீ வர வேண்டாம். வந்தால் நான் உனக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். ஒபரேசனுக்கு முதலே எனக்குக் குரல் போய்விட்டது என்று நேர்ஸ்மார் நினைப்பார்கள்.

அக்கா

*

நறுவிலிக்குளம்
27.01.2025

அக்கா,

அப்பா கோபக்காரர். துடுப்பை எடுத்துக்கொண்டு துரத்துகிற மனிசன். அவரிடம் போக அம்மா தேவைப்பட்டா. பரலோகப் பிதா அப்படி இல்லை என்றுதானே நாலு வருசமாகச் சொல்கிறேன். தம்பு அண்ணனைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியைப் பாஸ்டரிடம் கேட்டேன். தம்பு உயிரோடு இருக்கிறவர், அதுதான் வித்தியாசம் என்றார். மாதாவும் உயிரோடுதான் இருக்கிறா என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுத வேண்டாம். எனக்கு இப்போது அதற்குப் பொறுமை இல்லை.

குரல் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. உங்கள் குரலில் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது என்ன தெரியுமா? நான் ஞானஸ்நானம் எடுத்துக் குளத்தால் ஏறினபோது, அணைக்கட்டில் துவாயோடு நின்று, "முழுகினது போதும், தலையைத் துவட்டு" என்றீர்கள். அதுதான் கடைசி. அதோடு முடியட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

நேர்த்தியை நீக்கிவிட உங்கள் பங்குச் சுவாமிக்கு அதிகாரம் இருக்கிறது. எனக்கு மறைக்கல்வி படிப்பித்தது நீங்கள், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்க் கேளுங்கோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரொபின்சன்

*

தாழ்வுபாடு
31.01.2025

தம்பிக்கு,

நேர்த்தி வைத்தால் வைத்ததுதான். சுவாமியை இதற்குள் இழுக்காதே. நான் கேட்பது ஒரு முழந்தாள், ஒரு நிமிசம். அது உனக்குப் பெரிது என்றால் என் குரலும் உனக்குப் பெரிதில்லை.

அக்கா

*

தாழ்வுபாடு, உங்கள் வாசலில்
11.02.2025, செவ்வாய்

அக்காவுக்கு,

விடிய முதல் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் இரத்தம் சோதிக்க மன்னார் ரவுணுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

கெபிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருடைய நாள் என்றபடியால் ஏழெட்டுப் பேர் மெழுகுதிரியோடு நின்றார்கள். எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டேன். அந்தோனியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. பொய் சொல்லமாட்டேன். அவர் கேட்பார் என்று நான் நம்பவில்லை. மணல் குத்தியது, எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு நிமிசம் என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிசம் இருந்தேன், பிறகு குறை சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சொல்ல வேண்டும். மறைத்துக்கொண்டு அந்த ஆட்களுக்கு முன்னால் நிற்க ஏலாது. இனி என்னை ஜெபம் நடத்த விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். றொசானா நேற்று முழுக்க அழுதாள். அழுதுவிட்டு, போயிட்டு வாங்கோ என்று அவள்தான் அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் கோல் எடுக்கிறேன். போனை எடுங்கோ. ஏச வேண்டும் என்றால் ஏசுங்கோ.

தம்பி

*

யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
22.02.2025

என் அன்புத் தம்பி ரொபினுக்கு,

வியாழக்கிழமை நீ மூன்று தரம் எடுத்தாய். போன் என் மடியில்தான் இருந்தது. மூன்று தரமும் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்த்தி வைத்து மூன்றாம் மாதமே சுவாமியிடம் போய்ச் சொன்னேன். "இன்னொருத்தன்ர முழந்தாளை வச்சு நீங்கள் நேர்த்தி வைக்க ஏலாது ஜூலியட். இது நேர்த்தியே இல்லை. போய்த் தம்பியோட கதையுங்கோ" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கதைக்கவில்லை. நீ என்னைக் கேட்காமல் குளத்தில் இறங்கியது எனக்கு ஆறவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று சொன்னால் நீ வந்து சமாதானப்படுத்திவிடுவாய். நேர்த்தி என்றால் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது. பாவம் அந்தோனியார், அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் பிடிவாதத்துக்கு அவருடைய பெயரை வைத்தேன்.

நீ நம்பாத இடத்தில் ஊர் பார்க்க எனக்காக முழந்தாளிட்டாய். அந்தக் கடிதத்தை வாசித்த பிறகு உனக்கு எந்த வாயால் ஹலோ சொல்வது? ஒபரேசன் முடியட்டும், பிறகு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கட்டியில் கெடுதல் இல்லையாம். குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. வரலாம், வராமலும் விடலாம், ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார் டொக்டர். நாலு வருசம் குரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு விசரியை நீ கண்டிருக்கமாட்டாய்.

சபையில் உன்னை இனி நடத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று றொசானா செய்தி அனுப்பினாள். தம்பு மட்டும் உன் பக்கம் கதைத்தாராம். அவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

நீ வா. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாய் ஓயக் கதை, நான் கேட்கிறேன். உங்கள் ஆட்கள் மாதிரிச் சத்தமாக ஜெபி, வாட்டில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று செபமாலையில் ஒவ்வொரு நாளும் ஐம்பத்து மூன்று தரம் மாதாவைக் கேட்கிறேன். கூடப் பிறந்த உன்னை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

எனக்காக வேண்டிக்கொள், தம்பி.

அக்கா